ஹாலைடு சோதனையில் விடை தப்புகிறதா? அறிகுறியைப் பார்த்துக் கோளாறைக் கண்டுபிடிக்கும் வழி

குளோரைடு, புரோமைடு, அயோடைடு ஆகிய மூன்று ஹாலைடுகளையும் பிரித்தறிவது ஏட்டில் மூன்றே வரி. சில்வர் நைட்ரேட் சேர்த்தால் வெள்ளை, வெளிர் மஞ்சள், மஞ்சள். அம்மோனியா சேர்த்தால் முதலாவது கரையும், இரண்டாவது அரைகுறையாகக் கரையும், மூன்றாவது கரையாது. ஆய்வக மேசையில் இந்த மூன்று வரியும் குழம்பிப் போவதற்குப் பெரும்பாலும் உப்பு காரணமல்ல. குழாய்க்குள் உப்போடு சேர்ந்து நிற்கும் இன்னொன்றுதான் காரணம்: தண்ணீரில் வந்த குளோரைடு, தீராத கார்பனேட், மீந்துபோன அமிலம், அளவுக்கு மேல் போன சொட்டு. எது என்று தெரிந்தால் இரண்டு நிமிடத்தில் சரிசெய்துவிடலாம். பிளஸ் டூ, இளநிலை வேதியியல் மாணவர்களுக்கும் ஆய்வக உதவியாளர்களுக்கும் பயன்படும்படி, கண்ணில் படும் அறிகுறியிலிருந்து தொடங்கிச் சொல்கிறோம்.

தொடங்கும் முன் கரைசல்கள்

சில்வர் நைட்ரேட் 0.1 மோலார்: 1.7 கிராமை வாலைவடி நீரில் கரைத்து 100 மி.லி. ஆக்கி, பழுப்புக் கண்ணாடிப் புட்டியில் வையுங்கள். நீர்த்த நைட்ரிக் அமிலம் 2 மோலார்: ஏழு பங்கு தண்ணீரில் ஒரு பங்கு அடர் அமிலத்தை ஊற்றுங்கள், தண்ணீரை அமிலத்தில் ஊற்றாதீர்கள். நீர்த்த அம்மோனியா 2 மோலார்: அடர் அம்மோனியா (ஏறத்தாழ 15 மோலார்) 13 மி.லி. எடுத்து 100 மி.லி. ஆக்குங்கள். ஒப்பிட்டுப் பார்க்க 100 மி.லி. தண்ணீருக்குச் சோடியம் குளோரைடு 0.58 கிராம், பொட்டாசியம் புரோமைடு 1.19 கிராம், பொட்டாசியம் அயோடைடு 1.66 கிராம் என்று மூன்று கரைசல்கள். மூன்றும் 0.1 மோலார்தான்.

எந்தச் சோதனையையும் தனிக் குழாயில் செய்யாதீர்கள். பக்கத்தில் வெறும் வாலைவடி நீர் உள்ள குழாய் ஒன்று, தெரிந்த ஹாலைடு உள்ள குழாய் ஒன்று, இரண்டிலும் அதே புட்டியிலிருந்து அதே அளவு. கீழே வரும் பாதிக் கோளாறுகளை இந்த இரண்டு குழாய்களே காட்டிக்கொடுத்துவிடும்.

எந்த உப்பைப் போட்டாலும் வெள்ளை வீழ்படிவு

முதலில் வெறும் தண்ணீர்க் குழாயைப் பாருங்கள். அதுவும் பால் கலந்ததுபோல் கலங்கியிருந்தால் குற்றம் தண்ணீரிலோ குழாயிலோ. குடிநீரில் குளோரைடு லிட்டருக்கு 250 மி.கி. வரை இருக்கலாம் என்பது இந்தியத் தர அளவு. அது 7 மில்லிமோலார். சில்வர் குளோரைடு தண்ணீரில் கரைவதோ லிட்டருக்கு ஏறத்தாழ 2 மி.கி. மட்டுமே. ஆகவே குழாய்த் தண்ணீரில் கழுவிவிட்டு உதறிய சோதனைக் குழாயின் அடியில் நிற்கும் நாலு சொட்டே கலங்கலைக் கொடுக்கப் போதும். போர்வெல் தண்ணீர் என்றால் கேட்கவே வேண்டாம். வீட்டு ஆர்.ஓ. இயந்திரத்தின் தண்ணீரிலும் கொஞ்சம் குளோரைடு மிஞ்சியிருக்கும். அதை வாலைவடி நீராகக் கருதக்கூடாது. குழாயை வாலைவடி நீரால் மூன்று முறை அலசி, வெற்றுச் சோதனையை மறுபடி செய்யுங்கள். அப்போதும் கலங்கினால் நைட்ரிக் அமிலப் புட்டியைச் சந்தேகப்படுங்கள். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் தோய்ந்த டிராப்பரை அதற்குள் விட்டிருப்பார்கள்.

வெற்றுக் குழாய் தெளிவாக இருந்து, உங்கள் குழாய் மட்டும் வெளுத்தால், சோடியம் கார்பனேட் சாற்றில் கார்பனேட் தீரவில்லை என்று பொருள். சாறு தயாரிக்க உப்பைப்போல் மூன்று மடங்கு சோடியம் கார்பனேட் சேர்த்துக் கொதிக்க வைத்திருப்பீர்கள். அத்தனையும் நைட்ரிக் அமிலத்தில் தீர வேண்டும். இரண்டு சொட்டு அமிலம் விட்டு, நுரை வந்ததும் போதுமென்று நிறுத்தினால், அடுத்து வருவது சில்வர் கார்பனேட். அது வெள்ளையாகத் தொடங்கி மஞ்சள் சாயலுக்குப் போகும், சூடாக்கினால் பழுக்கும்.

சரிசெய்யும் வழி: நுரை முற்றிலும் அடங்கும்வரை அமிலம் விட்டு, நீல லிட்மஸ் சிவந்ததும் இன்னும் ஐந்து சொட்டு சேருங்கள். ஒரு நிமிடம் கொதிக்க வைத்து, ஆறியபின் சில்வர் நைட்ரேட் விடுங்கள். ஏற்கெனவே வீழ்படிவு வந்துவிட்டது என்றால் கொட்ட வேண்டியதில்லை. அதன்மேலேயே நைட்ரிக் அமிலம் விட்டுக் குலுக்குங்கள். குமிழியோடு கரைந்தால் கார்பனேட். அசையாமல் நின்றால் ஹாலைடு.

அடர்த்தியான சல்ஃபேட் கரைசலும் ஏமாற்றும். சில்வர் சல்ஃபேட் நன்றாகக் கரையக்கூடியதல்ல. லிட்டருக்கு 8 கிராம் அளவில்தான் கரையும். ஆனால் அது மின்னும் சிறு படிகங்களாக வரும். மூன்று மடங்கு தண்ணீர் விட்டால் காணாமல் போகும். சில்வர் குளோரைடு தண்ணீருக்கு மசியாது. குலுக்கினால் தயிர் திரிந்ததுபோல் கட்டி கட்டியாகத் திரண்டு அடியில் உட்காரும், மேலே நீர் தெளிந்து நிற்கும். இந்தத் திரளல் குளோரைடுக்கு நல்ல அடையாளம்.

வெள்ளைக்குப் பதில் பழுப்பு வந்தால் கரைசல் இன்னும் காரமாக இருக்கிறது, வந்தது சில்வர் ஆக்ஸைடு. கறுப்பு வந்தால் சல்ஃபைடு. மஞ்சள் வந்து, நைட்ரிக் அமிலத்தில் கரைந்துவிட்டால் பாஸ்ஃபேட். அயோடைடு என்று எழுதிவிடாதீர்கள்.

வெள்ளை வந்தது, அம்மோனியாவில் கரையவில்லை

குளோரைடு உப்பு கையில் இருந்தும் “புரோமைடு” என்று எழுத வைக்கும் கோளாறு இது. மூன்று காரணங்கள் உண்டு.

முதல் காரணம், அம்மோனியா வீழ்படிவைத் தொடவே இல்லை. குழாயில் 2 மோலார் நைட்ரிக் அமிலம் 1 மி.லி. மீந்திருந்தால், நீங்கள் விடும் 2 மோலார் அம்மோனியாவில் முதல் 1 மி.லி. அமிலத்தை நடுநிலையாக்கவே செலவாகிவிடும். அதற்குமேல் விடுவதுதான் கரைக்கும் வேலையைச் செய்யும். குலுக்கியபின் குழாய் வாயில் அம்மோனியா வாடை அடிக்கிறதா என்று கையால் விசிறி முகர்ந்து பாருங்கள். வாடை இல்லாவிட்டால் சோதனை இன்னும் தொடங்கவே இல்லை. இதைவிட நல்ல வழி, வீழ்படிவை அடியில் உட்காரவிட்டு, மேல்நீரை இறுத்துக் கொட்டி, வாலைவடி நீரால் ஒருமுறை கழுவி, அதன்பின் அம்மோனியா விடுவது.

இரண்டாவது, கரைசலில் உள்ள உலோகம். அலுமினியம், ஈயம், மெக்னீசியம் உப்புகளைச் சாறு எடுக்காமல் நேரடியாகத் தண்ணீரில் கரைத்துச் சோதித்தால், அம்மோனியா பட்டதும் அந்த உலோகத்தின் ஹைட்ராக்ஸைடு வெள்ளையாக வரும். சில்வர் குளோரைடு கரைந்துகொண்டிருக்கும் அதே நேரத்தில் அலுமினியம் ஹைட்ராக்ஸைடு உருவாகிக்கொண்டிருக்கும். பார்ப்பவருக்கு ஒன்றும் மாறவில்லை என்றே தோன்றும். கூர்ந்து பார்த்தால் வித்தியாசம் தெரியும்: தயிர்க்கட்டி போய், ஜவ்வரிசிக் கஞ்சிபோல் வழவழப்பான படலம் மிதக்கும். மேலே சொன்னபடி கழுவிவிட்டாலே தீர்ந்தது. சாறு எடுத்திருந்தால் இந்தப் பிரச்சினை வராது.

மூன்றாவது, அளவு. இதை அடுத்த தலைப்பில் விரிவாகப் பார்க்க வேண்டும்.

குளோரைடா, புரோமைடா? இரண்டும் ஒரே மாதிரி கரைகிறதே

சில்வர் புரோமைடின் வெளிர் மஞ்சளை டியூப் லைட் வெளிச்சத்தில் நம்பாதீர்கள். கறுப்புத் தாளுக்கு முன்னால் தெரிந்த குளோரைடு, தெரிந்த புரோமைடு இரண்டுக்கும் நடுவில் உங்கள் குழாயைப் பிடித்தால் மட்டுமே நிறம் சொல்லலாம். முடிவு சொல்ல வேண்டியது அம்மோனியா. அங்கேயும் “கரையும், கரையாது” என்பது முழு உண்மையல்ல. எவ்வளவு கரையும் என்பதே கேள்வி.

கரைதிறன் பெருக்கம் சில்வர் குளோரைடுக்கு 1.8 × 10⁻¹⁰, புரோமைடுக்கு 5 × 10⁻¹³, அயோடைடுக்கு 8.5 × 10⁻¹⁷. வெள்ளி அயனி அம்மோனியாவோடு சேர்ந்து உண்டாக்கும் அணைவின் நிலைப்பு மாறிலி 1.7 × 10⁷. இவற்றை வைத்துக் கணக்குப் போட்டால் 2 மோலார் அம்மோனியா ஒரு லிட்டரில் சில்வர் குளோரைடு 0.1 மோல் கரையும், புரோமைடு 0.006 மோல்தான் கரையும். 15 மோலார் அடர் அம்மோனியாவில் புரோமைடு 0.04 மோல் வரை போகும்; அயோடைடு அங்கேயும் 0.0006 மோலைத் தாண்டாது.

இதைச் சோதனைக் குழாயின் அளவுக்கு இறக்குவோம். 0.1 மோலார் சில்வர் நைட்ரேட் ஐந்து சொட்டு என்பது ஏறத்தாழ 0.25 மி.லி.; அதிலிருந்து 0.025 மில்லிமோல் வீழ்படிவு வரும். 2 மி.லி. நீர்த்த அம்மோனியா 0.2 மில்லிமோல் குளோரைடைக் கரைக்கவல்லது. எனவே குளோரைடு ஒரே குலுக்கலில் காணாமல் போகும். அதே 2 மி.லி. புரோமைடில் 0.012 மில்லிமோலைத்தான் கரைக்கும். பாதி மிஞ்சிக் கலங்கலாக நிற்கும். அடர் அம்மோனியா 2 மி.லி. என்றால் 0.08 மில்லிமோல் வரை கரைக்கும், புரோமைடும் தெளிந்துவிடும்.

இப்போது தவறு எங்கே நுழைகிறது என்று பாருங்கள். ஒரே ஒரு சொட்டு சில்வர் நைட்ரேட் விட்டவருக்கு 0.005 மில்லிமோல்தான் வீழ்படிவு. அது புரோமைடாக இருந்தாலும் நீர்த்த அம்மோனியாவில் முழுக்கக் கரையும். அவர் குளோரைடு என்று எழுதுவார். தாராளமாக 2 மி.லி. ஊற்றியவருக்கு 0.2 மில்லிமோல். அது புரோமைடாக இருந்தால் அடர் அம்மோனியாவிலும் கரையாது. அவர் அயோடைடு என்று எழுதுவார். உப்பு ஒன்றுதான், விடை இரண்டு. அதனால்தான் இந்த அளவை மனப்பாடமாக வைத்துக்கொள்ளச் சொல்கிறோம்:

1. அமிலமாக்கிய சாறு 1 மி.லி. எடுத்து, சில்வர் நைட்ரேட் ஐந்து சொட்டு விடுங்கள்.
2. குலுக்கி, உட்காரவிட்டு, மேல்நீரை இறுங்கள். ஒருமுறை கழுவுங்கள்.
3. நீர்த்த அம்மோனியா 2 மி.லி. விட்டு அரை நிமிடம் குலுக்குங்கள். தெளிந்தால் குளோரைடு.
4. தெளியாவிட்டால் மறுபடி இறுத்துவிட்டு, அடர் அம்மோனியா 2 மி.லி. விடுங்கள். தெளிந்தால் புரோமைடு, நின்றால் அயோடைடு.

அயோடைடில் இன்னொரு மயக்கம் உண்டு. அடர் அம்மோனியா பட்டதும் அதன் மஞ்சள் வெளுத்துவிடும். கரைந்திருக்காது, நிறம் மட்டுமே இறங்கியிருக்கும். மஞ்சளாகத்தான் இருந்தது என்று முன்பே குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

குளோரைடும் புரோமைடும் கலந்திருக்கலாம் என்ற ஐயம் வந்தால், மூன்றாம் படியில் இறுத்த அம்மோனியா நீரில் நைட்ரிக் அமிலம் விடுங்கள். கட்டி கட்டியாக வெள்ளை திரும்ப வந்தால் குளோரைடு இருக்கிறது. இலேசான பனிமூட்டம் மட்டும் வந்தால் அது கொஞ்சமாகக் கரைந்த புரோமைடு. அதைக் கணக்கில் எடுக்காதீர்கள்.

வெள்ளை வீழ்படிவு சாம்பலும் ஊதாவுமாக மாறினால் பதற வேண்டாம். வெளிச்சம் பட்டு வெள்ளி பிரிகிறது, அவ்வளவே. ஜன்னலோரம் விட்டு நகர்த்துங்கள்.

வீழ்படிவு வந்தது, குலுக்கியதும் மறைந்தது

உப்புக் கரைசல் மிக அடர்த்தியாக இருக்கிறது. அடர்ந்த அயோடைடுக் கரைசலில் ஒரு சொட்டு சில்வர் நைட்ரேட் விட்டால் மஞ்சள் தோன்றி, மிகுதியான அயோடைடோடு அணைவாகிக் கரைந்துவிடும். பத்து மடங்கு நீர்த்துச் செய்யுங்கள், நிற்கும்.

அடர் கந்தக அமிலம் விட்டும் ஒன்றும் தெரியவில்லை

உலர்ந்த உப்பு 0.1 கிராம், அமிலம் 1 மி.லி.; இதற்குமேல் தேவையில்லை. குளோரைடிலிருந்து வரும் ஹைட்ரஜன் குளோரைடுக்கு நிறமே கிடையாது. ஈரக் காற்றைத் தொடும்போதுதான் புகையும். எனவே குழாயின் உள்ளே பார்க்காமல் வாயருகே பாருங்கள். அம்மோனியாவில் தோய்த்த கண்ணாடிக் கம்பியை நீட்டினால் அடர்ந்த வெண்புகை எழ வேண்டும். நைட்ரிக் அமில ஆவியும் இதே வெண்புகையைக் கொடுக்கும் என்பதால் இதை மட்டும் வைத்து முடிவு கட்டக்கூடாது. உறுதிப்படுத்த ஒரு சிட்டிகை மாங்கனீசு டையாக்ஸைடு சேர்த்து மெல்லச் சூடாக்குங்கள். பச்சை கலந்த மஞ்சள் வாயு வந்து, ஈர நீல லிட்மஸைச் சிவப்பாக்கிப் பின் வெளுக்க வைத்தால் குளோரின்.

வாயுவே வரவில்லை என்றால், மூடாமல் கிடந்த அமிலம் காற்றின் ஈரத்தைக் குடித்து நீர்த்திருக்கும். கடலோர ஊர்களில் இது சாதாரணம். தெரிந்த உப்பைக் கொண்டு புட்டியைச் சோதித்துப் பாருங்கள். வெள்ளி, பாதரச, ஈயக் குளோரைடுகள் நல்ல அமிலத்திலும் எளிதில் விட்டுக்கொடுப்பதில்லை. அவற்றைச் சாறாக்கித்தான் பார்க்க வேண்டும்.

உப்பு என்னவென்றே தெரியாதபோது, குளோரேட் இருக்க வாய்ப்புண்டு என்றால் அடர் கந்தக அமிலத்தைத் தொடாதீர்கள். உண்டாகும் குளோரின் டையாக்ஸைடு வெடிக்கும்.

பழுப்பு வாயு: புரோமினா, நைட்ரஜன் டையாக்ஸைடா?

இரண்டும் பழுப்பு, இரண்டும் மூக்கை எரிக்கும், ஸ்டார்ச்–அயோடைடு தாளையும் இரண்டும் நீலமாக்கும். ஆகவே வாயுவை விட்டுவிட்டுக் குழாயின் அடியைப் பாருங்கள். புரோமைடு என்றால் திரவமும் செம்பழுப்பாகும். நைட்ரேட் என்றால் திரவம் பெரும்பாலும் நிறமின்றி இருக்க, மேலே மட்டும் பழுப்பு தெரியும். அடுத்து, ஒரு செம்புச் சீவல் போடுங்கள். பழுப்பு பெருகினால் நைட்ரேட். புதிய குழாயில் மாங்கனீசு டையாக்ஸைடு போடுங்கள், பெருகினால் புரோமைடு. அப்புறம் சாற்றில் சில்வர் நைட்ரேட். நைட்ரேட் அங்கே வாய் திறக்காது.

புரோமைடு, அயோடைடு உப்புகளில் நைட்ரேட்டுக்கான பழுப்பு வளையச் சோதனை செய்தால் பொய் வளையம் வரும். அடர் அமிலம் தொடும் இடத்தில் புரோமினோ அயோடினோ விடுபட்டு வளையம்போலவே நிற்கும். முதலில் சில்வர் சல்ஃபேட் கரைசலால் ஹாலைடை முழுக்க வீழ்த்தி, வடிகட்டி, அந்த வடிநீரில் செய்யுங்கள்.

அயோடைடுக்கு இந்த ஐயமெல்லாம் இல்லை. ஊதா ஆவி எழுந்து, குழாயின் குளிர்ந்த மேற்பகுதியில் கருநிறப் பளபளப்பாகப் படியும். கூடவே அழுகிய முட்டை வாடை வந்தால் கலப்படமென்று நினைக்க வேண்டாம். அயோடைடு கந்தக அமிலத்தையே ஹைட்ரஜன் சல்ஃபைடு வரை ஒடுக்கிவிடும். புரோமைடால் கந்தக டையாக்ஸைடு வரைதான் முடியும். குளோரைடால் அதுவும் முடியாது.

குரோமைல் குளோரைடு சோதனையில் சிவப்பாவி இல்லை

ஈரம்தான் முதல் காரணம். குழாய், உப்பு, டைகுரோமேட் மூன்றும் எலும்பு காய்ந்ததுபோல் உலர்ந்திருக்க வேண்டும். துளி ஈரமிருந்தாலும் குரோமைல் குளோரைடு உடனே சிதையும். உப்பு 0.2 கிராம், பொட்டாசியம் டைகுரோமேட் 0.6 கிராம், அடர் கந்தக அமிலம் 2 மி.லி.; மெல்லிய சூடு போதும். மேலே சொன்ன வெள்ளி, பாதரச, ஈயக் குளோரைடுகள் இதிலும் தவறும்.

சிவப்பாவி வந்தும் ஆபத்து தீரவில்லை, ஏனென்றால் புரோமைடும் செம்பழுப்பு ஆவி தரும். ஆவியைச் சோடியம் ஹைட்ராக்ஸைடு கரைசலில் செலுத்துங்கள். மஞ்சளானால் குரோமேட், அதாவது குளோரைடு. நிறமற்றுப் போனால் புரோமின். மஞ்சள் கரைசலை அசெட்டிக் அமிலத்தால் அமிலமாக்கி, லெட் அசெட்டேட் விட்டால் மஞ்சள் வீழ்படிவு வர வேண்டும். அங்கே வெள்ளை வந்தால், ஒன்று அசெட்டிக் அமிலம் போதவில்லை (வந்தது ஈய ஹைட்ராக்ஸைடு), அல்லது கந்தக அமிலம் தெறித்து உள்ளே வந்திருக்கிறது (வந்தது ஈய சல்ஃபேட்). டைகுரோமேட் புற்றுநோய் உண்டாக்கும் பொருள். கையுறை இல்லாமல் செய்ய வேண்டாம்.

கரிம அடுக்கில் நிறம் வரவில்லை, அல்லது வந்து போய்விட்டது

குளோரின் நீர் விட்டால் புரோமினோ அயோடினோ விடுபட்டு, கூடவே விட்ட கரிமக் கரைப்பானில் நிறமாகத் தெரியும் சோதனை இது. கரைப்பான் என்று பழைய ஏடுகளில் கார்பன் டெட்ராகுளோரைடு என்றிருக்கும். அது கல்லீரலுக்கும் ஓசோன் படலத்துக்கும் கேடு. இப்போது பல ஆய்வகங்களில் சைக்ளோஹெக்சேன் அல்லது ஹெக்சேன்தான். இதில் ஒரு மாற்றம்: கார்பன் டெட்ராகுளோரைடு தண்ணீரைவிடக் கனம், அடியில் நிற்கும். சைக்ளோஹெக்சேனின் அடர்த்தி 0.78 மட்டுமே, மேலே மிதக்கும். ஏட்டில் உள்ளபடி கீழ் அடுக்கையே பார்த்துக்கொண்டிருந்தால் மேலே ஊதா நிறம் நிற்பது கண்ணில் படாது. ஆல்கஹால், அசிட்டோன் போன்றவற்றில் அயோடின் பழுப்பாகவே இருக்கும், ஊதா வராது. கரைப்பான் எதுவென்று லேபிளைப் பாருங்கள்.

குளோரின் நீர் பழசானால் வெறும் ஹைட்ரோகுளோரிக் அமிலம்தான் மிஞ்சும். வெளிச்சம் அதைச் சிதைத்துவிடும். தெரிந்த அயோடைடில் நிறம் வராவிட்டால் புட்டியைக் கீழே வையுங்கள். மாற்று வழி: சோதிக்கும் 1 மி.லி. கரைசலை நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தால் அமிலமாக்கி, சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசலை ஒரு சொட்டு, இரண்டு சொட்டு என்று விடலாம். காற்றோட்டமுள்ள இடத்தில், சோதனைக் குழாய் அளவில் மட்டுமே. புட்டிக்குள் அமிலத்தை ஊற்றினால் அறை முழுக்கக் குளோரின் பரவும்.

வந்த நிறம் மறைந்தால் சொட்டு மிஞ்சிவிட்டது. அளவுக்கு மேற்பட்ட குளோரின் அயோடினை நிறமற்ற அயோடேட் ஆக்கும். புரோமினை வெளிர் மஞ்சளான புரோமின் குளோரைடாக்கும். ஒவ்வொரு சொட்டுக்கும் ஒரு குலுக்கல் என்று போங்கள். அயோடைடும் புரோமைடும் கலந்த உப்பில் இந்த மறைவே நல்ல சான்று: முதலில் ஊதா, மேலும் சொட்டு விட ஊதா போய், பின் செம்மஞ்சள். முதல் நிறத்தோடு நிறுத்தியவருக்குப் புரோமைடு தெரியாமலே போகும்.

ஹாலஜன்களுக்குள் ஒன்றை இன்னொன்றாகக் கொள்வது பெரியவர்களுக்கும் நேர்ந்ததுதான். 1826இல் பிரெஞ்சு வேதியியலாளர் பலார் புரோமினை அறிவிக்கும் முன்பே அதன் மாதிரி ஜெர்மன் வேதியியலாளர் லீபிக்கின் கைக்கு வந்திருந்தது; அவர் அதை அயோடின் குளோரைடு என்று முடிவு செய்துவிட்டார்.

குளோரின் நீர் விடுவதற்கு முன்பே பழுப்பு தெரிந்தால், கரைசலில் நைட்ரைட்டோ, ஃபெரிக் அல்லது தாமிர அயனியோ இருக்கிறது. அவையே அயோடைடை ஆக்சிஜனேற்றிவிடும்.

அயோடின் உப்பில் ஸ்டார்ச் போட்டும் நீலம் வரவில்லை

உப்பில் அயோடின் இல்லை என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. இந்தியாவில் உப்பில் சேர்ப்பது பொட்டாசியம் அயோடேட். தனி அயோடினும் அல்ல, அயோடைடும் அல்ல. நம் ஊர் வெப்பத்திலும் ஈரத்திலும் அயோடைடு நிலைக்காது என்பதால் இந்தத் தேர்வு. அயோடேட் ஸ்டார்ச்சை நீலமாக்காது. அமிலமும் அயோடைடும் சேர்ந்தால்தான் அயோடின் விடுபடும்.

உப்பு 5 கிராம் (ஒரு டீஸ்பூன்), வாலைவடி நீர் 20 மி.லி., 10 சதவீதப் பொட்டாசியம் அயோடைடு ஐந்து சொட்டு, 2 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலம் 1 மி.லி., ஸ்டார்ச் கரைசல் 1 மி.லி. நுகர்வோர் கைக்கு வரும்போது இருக்க வேண்டிய அளவு 15 பிபிஎம் (பத்து லட்சத்தில் 15 பங்கு). அந்தக் கணக்கில் 5 கிராம் உப்பில் 75 மைக்ரோகிராம் அயோடின் இருக்கும். ஒரு அயோடேட் ஐந்து அயோடைடுகளைச் சேர்த்துக்கொண்டு ஆறு மடங்கு அயோடினை விடுவிப்பதால் நீலம் ஐயமில்லாமல் தெரியும். அயோடின் சேர்க்காத கல் உப்பை வைத்து ஒரு வெற்றுச் சோதனையும் கட்டாயம். குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரும், நாள்பட்டு மஞ்சளித்த பொட்டாசியம் அயோடைடுக் கரைசலும் உப்பே இல்லாமல் நீலம் காட்டும்.

வீட்டில் உருளைக்கிழங்கை வெட்டி, உப்புத் தடவி, எலுமிச்சைச் சாறு விட்டுப் பார்ப்பார்கள். இரண்டு சொட்டு விட்டால் நீலம், அரை மூடி பிழிந்தால் ஒன்றுமில்லை. காரணம் சாற்றிலுள்ள வைட்டமின் சி. கொஞ்சமாக இருக்கும்போது அயோடேட்டில் ஒரு பகுதியை அயோடைடாக்கும். அது மிச்ச அயோடேட்டோடு அமிலத்தில் வினைபட்டு அயோடினாகும். அதிகமானால் வந்த அயோடினையும் சேர்த்து அயோடைடாக்கி நிறத்தை அழித்துவிடும்.

ஸ்டார்ச் கரைசல் சூடாக இருந்தாலும் நீலம் வராது, ஆறினால் வரும். ஒரு கிராம் மாவைக் குளிர்ந்த நீரில் குழைத்து, கொதிக்கும் 100 மி.லி. நீரில் ஊற்றித் தயாரியுங்கள். இரண்டு நாளுக்கு மேல் வைக்காதீர்கள், புளித்துவிடும். நீலத்துக்குப் பதில் செம்பழுப்பு வந்தால் மாவில் அமைலோஸ் குறைவு. ஒட்டும் அரிசி மாவில் அப்படி நடக்கும். உருளைக்கிழங்கு மாவுக்கு மாறுங்கள்.

கரிமச் சேர்மத்தில் தவறான ஹாலஜன்

சோடியத்தோடு உருக்கி எடுத்த சாற்றில் நேரே சில்வர் நைட்ரேட் விடாதீர்கள். சேர்மத்தில் நைட்ரஜன் இருந்தால் சயனைடு வெள்ளை வீழ்படிவு கொடுத்து, அம்மோனியாவிலும் கரைந்து, குளோரைடு வேஷம் போடும். கந்தகம் இருந்தால் கறுப்பு. அடர் நைட்ரிக் அமிலம் சேர்த்து, புகைபோக்கியின் கீழ், பாதியாகச் சுண்டும்வரை கொதிக்க வைத்தால் இரண்டும் வெளியேறிவிடும். குளோரோஃபார்ம், கார்பன் டெட்ராகுளோரைடு இவற்றைச் சோடியத்தோடு உருக்கவே கூடாது, வெடிக்கும். சேர்மத்தைத் தொட்ட செம்புக் கம்பியைச் சுடரில் காட்டும்போது பச்சை தெரிந்தாலும் ஹாலஜன் என்று முடிவு கட்டாதீர்கள். யூரியாவும் தயோயூரியாவும்கூடப் பச்சை காட்டும்.

ஃபுளோரைடு மட்டும் இந்தப் பட்டியலில் அடங்காது. சில்வர் ஃபுளோரைடு நீரில் நன்றாகக் கரைவதால் சில்வர் நைட்ரேட் சோதனையில் தெளிவாகவே நிற்கும். கால்சியம் குளோரைடு விட்டால் வெள்ளை வரும். உப்பில் ஃபுளோரைடு என்ற ஐயம் இருந்தால் அடர் கந்தக அமிலம் வேண்டாம். வரும் ஹைட்ரஜன் ஃபுளோரைடு கண்ணாடியையும் அரிக்கும், தோலுக்குள்ளும் ஊடுருவும். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதி நிலத்தடி நீரில் பார்ப்பதுபோல் லிட்டருக்குச் சில மி.கி. அளவைக் கண்டறிய சிர்க்கோனியம்–அலிசரின் போன்ற நிறச் சோதனைகள்தான் வழி. அவற்றில் ஃபுளோரைடு கூடக்கூடச் சிவப்பு மங்கும். நிறம் குறைந்தால் ஃபுளோரைடும் குறைவு என்று தலைகீழாக வாசித்துவிடாதீர்கள்.

மேசையை விட்டுப் போகும் முன்

அம்மோனியா விட்ட வெள்ளிக் கரைசலை நாளைக்குப் பார்க்கலாம் என்று தாங்கியில் நிறுத்திவைக்காதீர்கள். நாட்பட்டால் வெடிக்கக்கூடிய கறுப்புப் பொருள் அதில் உண்டாகும். ஒவ்வொரு குழாயிலும் நீர்த்த நைட்ரிக் அமிலம் விட்டு, லிட்மஸ் சிவந்ததைப் பார்த்தபின் வெள்ளிக் கழிவுக்கென்று வைத்த புட்டியில் ஊற்றுங்கள். அயோடின் கறை படிந்த குழாய்க்கும் மேசைக்கும் சோடியம் தயோசல்ஃபேட் கரைசல் இரண்டு சொட்டு போதும். விரலில் பட்ட சில்வர் நைட்ரேட் கறை சோப்புக்குப் போகாது; தோல் உரியும்வரை சில நாள் கறுப்பாகவே இருக்கும்.